ஒளிப்பட நிற வேறுபாடு

ஒளிப்பட நிற வேறுபாடு என்பது, ஒரே ஒளிப்படம் அதை எடுத்த ஒளிப்படக் கருவியின் திரையில் ஒரு விதமாகவும், கணினி, செல்லிடத் தொலைபேசி ஆகியவற்றின் திரைகளில் வேறு விதமாகவும் நிறம் காட்டுவதைக் குறிக்கும். ஒளிப்படக் கோப்பில் சேமிக்கப்படுவது நிறம் அன்று, எண்களே சேமிக்கப்படுகின்றன. அவ்வெண்களை ஒவ்வொரு கருவியும் தன் இயல்புக்கு ஏற்ப ஒளியாக மாற்றுகின்றது. இதுவே இவ்வேறுபாட்டின் அடிப்படைக் காரணம் ஆகும். எந்த எண் எந்த நிறத்தைக் குறிக்கின்றது என்பதைக் கருவிகளுக்கு இடையே பொதுவாக வரையறுத்து, வேறுபாட்டைக் குறைக்கும் முறைகளின் தொகுதி நிற மேலாண்மை எனப்படுகின்றது.

இவ்வேறுபாடு பெரும்பாலும் கருவியின் பழுதினால் ஏற்படுவதில்லை. நன்கு இயங்கும் இரண்டு திரைகளும் ஒரே படத்தை வெவ்வேறு நிறத்தில் காட்டக்கூடும். ஒளி உணரியை அடைவது முதல் காண்பவரின் மூளையில் நிறமாக உணரப்படுவது வரை உள்ள ஒவ்வொரு படியிலும் வேறுபாடு நுழைய வாய்ப்பு உண்டு.

நிறமும் கண்ணும்

மனிதக் கண் காணக்கூடிய ஒளி ஏறத்தாழ 380 முதல் 750 நானோமீட்டர் வரை அலைநீளம் கொண்டது. கண்ணின் விழித்திரையில் நிறத்தை உணரும் கூம்புக் கலங்கள் மூன்று வகைப்படும். இவை முறையே நீண்ட, நடுத்தர, குறுகிய அலைநீளங்களுக்குக் கூடுதலாகத் துலங்குகின்றன. இம்மூன்றும் அனுப்பும் குறிப்புகளின் விகிதத்தை ஒப்பிட்டே மூளை நிறத்தை அறிகின்றது. எனவே முற்றிலும் வேறான இரண்டு ஒளிகள், மூவகைக் கூம்புகளையும் ஒரே அளவில் தூண்டினால், அவை ஒரே நிறமாகவே தோன்றும். எடுத்துக்காட்டாக, சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளி 589 நானோமீட்டர் அளவிலான அலைநீளம் கொண்டது. கணினித் திரையில் தோன்றும் மஞ்சளில் இந்த அலைநீளத்துக்கென்று தனி ஒளிமூலம் எதுவும் இல்லை. அது சிவப்பும் பச்சையும் சேர்ந்த கலவை ஆகும். ஆயினும் கண் இரண்டையும் மஞ்சள் என்றே கொள்கின்றது.

இந்த இயல்பே வண்ண ஒளிப்படத்தைச் சாத்தியம் ஆக்குகின்றது. சேம்சு கிளார்க் மாக்சுவெல் 1861 ஆம் ஆண்டில் இலண்டன் அரச நிறுவனத்தில் இதனைச் செய்து காட்டினார். சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளின் ஊடாகத் தனித்தனியே எடுக்கப்பட்ட படங்களை, அதே நிற ஒளிகளால் ஒரே திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக வீழ்த்தி அவர் வண்ணப் படிமம் ஒன்றைப் பெற்றார். இன்றைய திரைகளும் இதே மூவண்ணக் கலவை முறையிலேயே இயங்குகின்றன.

நிறத்தை எண்ணால் குறிப்பதற்கான அடித்தளம் 1931 இல் இடப்பட்டது. 1920களின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் டேவிட் ரைட் 10 பேரிடமும், சான் கில்டு 7 பேரிடமும் நிறப் பொருத்தச் சோதனைகளைத் தனித்தனியே நடத்தினர். அவற்றின் முடிவுகளைக் கொண்டு பன்னாட்டு ஒளியூட்டல் ஆணையம் செந்தர நோக்கர் என்னும் சராசரிக் கண்ணை வரையறுத்தது. திரைகளின் நிறத்தை அளப்பதற்கு இன்றும் பெரிதும் பயன்படுவது இந்த 17 பேரின் பார்வையில் இருந்து பெறப்பட்ட அளவுகோலே ஆகும்.

ஒளிப்படக் கருவியில் நிறம் உருவாதல்

எண்ணிம ஒளிப்படக் கருவியின் உணரி ஒளியின் அளவை மட்டுமே அறியும், நிறத்தை அறியாது. ஆகையால் உணரியின் ஒவ்வொரு படப்புள்ளியின் மீதும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுள் ஒரு நிற வடிகட்டி வைக்கப்படுகின்றது. கோடாக் நிறுவனத்தைச் சேர்ந்த பிரைசு பேயர் வகுத்து 1976 இல் காப்புரிமை பெற்ற அமைப்பே இவற்றுள் பரவலானது. இதில் பாதிப் புள்ளிகள் பச்சைக்கும், கால் பங்கு சிவப்புக்கும், கால் பங்கு நீலத்துக்கும் உரியவை. ஒவ்வொரு புள்ளியிலும் விடுபட்ட இரண்டு நிறங்களின் அளவுகளை அண்டைப் புள்ளிகளைக் கொண்டு மென்பொருள் கணித்து நிரப்புகின்றது.

இவ்வடிகட்டிகள் கண்ணின் கூம்புக் கலங்களைப் போன்றே துலங்குவதில்லை. இதனால் கண்ணுக்கு ஒரே நிறமாகத் தோன்றும் இரண்டு துணிகள் படத்தில் வேறு நிறங்களாகப் பதியலாம். கண்ணுக்கு வேறாகத் தோன்றுபவை படத்தில் ஒன்றாகிவிடவும் கூடும். 2006 இல் வெளிவந்த லைக்கா எம்8 கருவி இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு ஆகும். அதன் உணரியின் முன் இருந்த அகச்சிவப்புத் தடுப்பு மெலிதாக இருந்தமையால், கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர்களும் படத்தில் பதிந்தன. அக்கதிர்களைத் தெறிக்கும் கறுப்புச் செயற்கை இழைத் துணிகள் ஊதா கலந்த நிறத்தில் தோன்றின. பின்னர் அந்நிறுவனம் அக்கருவியை வாங்கியோருக்கு அகச்சிவப்பு வடிகட்டிகளை இலவசமாக வழங்கியது.

அடுத்தபடி வெண் சமநிலை ஆகும். இழை மின்விளக்கின் ஒளி மஞ்சள் சார்ந்தது. அதன் நிற வெப்பநிலை ஏறத்தாழ 2800 கெல்வின். நண்பகல் வெளிச்சம் 5500 கெல்வின் அளவிலும், நிழற்பகுதி அதனினும் கூடுதலாகவும் இருக்கும். வெள்ளைத் தாள் எந்த ஒளியிலும் வெள்ளையாகத் தோன்றுமாறு மனிதப் பார்வை தன்னைத் தகவமைத்துக் கொள்கின்றது. கருவியோ, எது வெள்ளை என்று ஊகித்து மூன்று நிறங்களின் அளவுகளையும் கூட்டிக் குறைக்கின்றது. இந்த ஊகம் தவறினால் படம் முழுவதும் மஞ்சளாகவோ நீலமாகவோ சாய்ந்துவிடும்.

இதன் பின்னர் கருவி தன் தயாரிப்பாளர் வகுத்த முறைப்படி நிறச்செறிவையும் ஒளி மாறுபாட்டையும் கூட்டி, படத்தை ஜேபெக் கோப்பாக எழுதுகின்றது. உணரியின் அளவுகளை அவ்வாறே சேமிக்கும் மூலக் கோப்பு வகையும் உண்டு. மூலக் கோப்பாகப் படம் எடுக்கும்போதும் கருவியின் திரையில் காட்டப்படுவது, கருவியே அணியம் செய்து கோப்பினுள் பொதிந்து வைத்த ஜேபெக் முன்தோற்றம்தான். கணினியில் அதே கோப்பைத் திறக்கும் மென்பொருள் தன் சொந்தக் கணிப்பின்படி நிறங்களைப் புதிதாக உருவாக்குகின்றது. கணினியில் படம் திறந்த சில நொடிகளில் நிறம் சட்டென்று மாறுவதைப் பலர் கண்டிருப்பர். முன்தோற்றம் விலகி, மென்பொருளின் கணிப்பு அவ்விடத்தைப் பெறுவதே அதற்குக் காரணம்.

எண்களும் நிறவெளியும்

பொதுவான ஜேபெக் கோப்பில் ஒவ்வொரு படப்புள்ளியின் நிறமும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுக்கான மூன்று எண்களாகத் தரப்படலாம். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை அமையும். இவற்றைக் கொண்டு 1,67,77,216 சேர்க்கைகளைக் குறிக்க முடியும். ஆனால் 255, 0, 0 என்பது சிவப்பைக் குறிக்கின்றது என்பது மட்டும் போதாது. எந்தச் சிவப்பு என்பதும் வரையறுக்கப்பட வேண்டும். அவ்வரையறையே நிறவெளி எனப்படுகின்றது. மூன்று முதன்மை நிறங்களும், வெண்மை என்பது எது என்பதும், எண்ணுக்கும் ஒளியின் அளவுக்கும் உள்ள தொடர்பும் நிறவெளியில் குறிப்பிடப்படுகின்றன.

எஸ்ஆர்ஜிபி: எச்பி, மைக்ரோசாப்ட் ஆகிய நிறுவனங்கள் 1996 இல் முன்வைத்தது. 1999 இல் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் செந்தரம் ஆனது. அக்காலத்துக் குழாய்த் திரைகளின் இயல்பை ஒட்டி அமைந்தது. இணையத்தில் உள்ள படங்களுக்கு இதுவே இயல்பான நிறவெளி.

அடோபி ஆர்ஜிபி: 1998 இல் அடோபி நிறுவனம் வெளியிட்டது. பச்சை, நீலப்பச்சை நிறங்களில் எஸ்ஆர்ஜிபியைக் காட்டிலும் விரிந்தது. அச்சுப் பணியில் பெரிதும் பயன்படுகின்றது.

டிசுப்பிளே பி3: எண்ணிமத் திரையரங்குகளுக்கான நிற வரையறையில் இருந்து ஆப்பிள் நிறுவனம் உருவாக்கியது. 2016 இல் வெளிவந்த ஐபோன் 7 முதல் தொலைபேசிகளில் பரவியது.

ஒரு நிறவெளியில் குறிக்கக்கூடிய நிறங்களின் பரப்பு நிற வீச்சு எனப்படும். கண் காணும் நிறங்கள் அனைத்தையும் காட்டும் அட்டவணையில் எஸ்ஆர்ஜிபி ஏறத்தாழ 35 விழுக்காட்டையும், அடோபி ஆர்ஜிபி ஏறத்தாழ 50 விழுக்காட்டையும் அடக்குகின்றன. செறிவுமிக்க நீலப்பச்சை நிறங்களும், சில பூக்களின் ஆழ்ந்த செம்மஞ்சளும் எஸ்ஆர்ஜிபியின் எல்லைக்கு வெளியே அமைந்தவை. இவற்றை அந்நிறவெளியில் உள்ளவாறே காட்ட இயலாது. அருகில் உள்ள வேறொரு நிறமே அவற்றுக்கு மாற்றாக இடப்படும்.

நிறவெளியை மாற்றிக் கருதினால் நேரும் பிழையைப் பின்வரும் எடுத்துக்காட்டால் விளக்கலாம். எஸ்ஆர்ஜிபியில் 255, 0, 0 என்று குறிக்கப்படும் சிவப்பு, அடோபி ஆர்ஜிபியில் 219, 0, 0 என்று குறிக்கப்படுகின்றது. நிறம் ஒன்றே, எண்கள் வேறு. அடோபி ஆர்ஜிபியில் எழுதப்பட்ட 219 ஐ எஸ்ஆர்ஜிபி என்று எண்ணி ஒரு மென்பொருள் காட்டினால், சிவப்பு ஒளி குன்றித் தோன்றும். அடோபி ஆர்ஜிபியில் எடுத்த படங்கள் சில இடங்களில் மங்கிய நிறத்தில் தோன்றுவதற்கு இதுவே காரணம் ஆகும்.

திரைகள் வேறுபடுதல்

ஒரே எண்களைப் பெற்றாலும் இரண்டு திரைகள் ஒரே ஒளியைத் தருவதில்லை. இதற்குப் பின்வருவன முதன்மையான காரணங்கள் ஆகும்.

முதன்மை நிறங்கள்: நீர்மப் படிகத் திரையில் பின்விளக்கின் வெண்ணொளி நிற வடிகட்டிகள் வழியே வெளிவருகின்றது. கரிம ஒளியுமிழ் திரைகளில் பலவற்றில் ஒவ்வொரு புள்ளியும் தானே நிற ஒளியை உமிழ்கின்றது. இவற்றின் சிவப்பும் பச்சையும் நீலமும் ஒன்றுக்கொன்று வேறானவை. எஸ்ஆர்ஜிபிக்கு உரிய எண்களை அகன்ற நிற வீச்சு உள்ள திரை அவ்வாறே ஏற்றுக்கொண்டால், முகங்கள் செம்மை மிகுந்து தோன்றும்.

வெண்மை: எஸ்ஆர்ஜிபியின் வெண்மை ஏறத்தாழ 6500 கெல்வின் நிற வெப்பநிலை கொண்டது. பளிச்சென்று தோன்ற வேண்டும் என்பதற்காகப் பல திரைகள் இதனினும் நீலம் மிகுந்த வெண்மையுடன் விற்பனைக்கு வருகின்றன.

காமா: எண்ணுக்கும் திரை தரும் ஒளிக்கும் உள்ள தொடர்பு நேர்விகிதத்தில் அமைவதில்லை. இத்தொடர்பைக் குறிக்கும் அடுக்கு காமா எனப்படுகின்றது. காமா 2.2 ஆக உள்ள திரையில் 128 என்னும் எண் உச்ச ஒளியில் ஏறத்தாழ 22 விழுக்காட்டைத் தரும், 1.8 ஆக இருந்தால் ஏறத்தாழ 29 விழுக்காட்டைத் தரும். ஆப்பிள் கணினிகள் நெடுங்காலம் 1.8 ஐயே இயல்பாகக் கொண்டிருந்தன. 2009 இல் வெளியான இயக்குதளப் பதிப்பு முதல் 2.2 க்கு மாறின. அதற்கு முன்னர், மாக்கில் உருவாக்கிய படங்கள் விண்டோசுக் கணினியில் இருண்டு தோன்றுவது பொதுவான முறைப்பாடாக இருந்தது.

நிறப்படிகள்: விலை குறைந்த திரைகள் சிலவற்றில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகளுக்கு மாறாக 64 படிகளே உண்டு. இடைப்பட்ட படிகள் விரைவான மினுக்கத்தால் ஈடுசெய்யப்படுகின்றன. வானம் போன்ற பரப்புகளில் இது பட்டைகளாகத் தெரியக்கூடும்.

பார்க்கும் கோணமும் வயதும்: நீர்மப் படிகத் திரைகளுள் டிஎன் எனப்படும் வகை, தலையைச் சற்று உயர்த்தினாலோ தாழ்த்தினாலோ நிறம் மாறிக் காட்டும். ஐபிஎஸ் வகையில் இக்குறை மிகவும் குறைவு. காலம் செல்லச் செல்லப் பின்விளக்கின் ஒளி குன்றி, அதன் நிறச்சாயலும் மாறுகின்றது.

அமைப்புகள்: இரவு நேரத்தில் நீல ஒளியைக் குறைக்கும் வசதி, சுற்றுப்புற ஒளிக்கு ஏற்ப வெண்மையை மாற்றும் வசதி, நிறங்களை மிகைப்படுத்தும் தெளிவு நிலை ஆகியன இயக்கத்தில் இருந்தால், படத்தின் எண்கள் மாறாமலே நிறம் மாறிவிடும்.

ஒளிப்படக் கருவியின் பின்புறத் திரைக்குத் தனிச்சிறப்பு ஒன்று உண்டு. அது வெயிலிலும் தெரியவேண்டியது. ஆகவே மிகுந்த ஒளியுடன் அமைக்கப்படுகின்றது. அளவில் சிறியதாகையால் படத்தின் குறைகளும் அதில் மறைகின்றன. இருட்டில் பார்க்கும்போது அத்திரையின் ஒளி கண்ணை ஏமாற்றி, குறை ஒளியில் எடுத்த படமும் போதிய வெளிச்சம் உள்ளதாகத் தோன்றும். எனவே தேர்ந்த ஒளிப்படக் கலைஞர்கள் அத்திரையின் தோற்றத்தை மட்டும் நம்பாமல், எண்களின் பரவலைக் காட்டும் ஒளிப்பரவல் வரைபடத்தைப் பார்த்தே முடிவு செய்கின்றனர்.

மென்பொருளின் பங்கு

கருவிகள் வேறுபட்டாலும், ஒவ்வொரு கருவியின் இயல்பும் தெரிந்திருந்தால் எண்களை அதற்கேற்ப மாற்றிக் கொடுக்க முடியும். இந்நோக்கத்துடன் ஆப்பிள், அடோபி, கோடாக், மைக்ரோசாப்ட் உள்ளிட்ட 8 நிறுவனங்கள் 1993 இல் பன்னாட்டு நிறக் கூட்டமைப்பை ஏற்படுத்தின. அது வகுத்த நிற விவரக்குறிப்பு என்பது, ஒரு திரையோ அச்சுப்பொறியோ தரும் நிறங்களைச் செந்தர நோக்கரின் அளவுகோலில் விவரிக்கும் சிறு கோப்பு ஆகும். படத்துடன் அதன் நிறவெளியைச் சொல்லும் விவரக்குறிப்பும், கணினியில் திரையின் விவரக்குறிப்பும் இருந்தால், மென்பொருள் முன்னதைப் பின்னதாக மொழிபெயர்க்கின்றது.

இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் பயன் கெடும். படத்தில் விவரக்குறிப்பு இல்லாமல் இருக்கலாம். இருந்தும் மென்பொருள் அதைப் பொருட்படுத்தாமல் விடலாம். திரையின் விவரக்குறிப்பு உண்மைக்கு மாறாக இருக்கலாம். இணைய உலாவிகளுள் பயர்பாக்சு 2009 இல் வெளியான 3.5 ஆம் பதிப்பில் இருந்தே விவரக்குறிப்பு உள்ள படங்களுக்கு இவ்வசதியை இயல்பாகத் தந்தது. ஆண்ட்ராய்டு இயக்குதளத்தில் இது 2017 இல் வெளியான 8.0 பதிப்பில் இடம்பெற்றது. ஒரே கணினியில், ஒரே திரையில், இரண்டு மென்பொருள்கள் ஒரே படத்தை வெவ்வேறு நிறத்தில் காட்டினால், அவற்றுள் ஒன்று விவரக்குறிப்பைப் புறக்கணிக்கின்றது என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

காண்பவரும் சூழலும்

திரை சரியாக இருந்தாலும் கண்ணின் நிலை மாறக்கூடும். மஞ்சள் விளக்கு எரியும் அறையில் பார்க்கும்போது திரை நீலம் சார்ந்ததாகவும், வண்ணச் சுவரின் பின்னணியில் வேறாகவும் தோன்றும். 2015 பெப்ரவரியில் ஓர் ஆடையின் ஒளிப்படம் இணையத்தில் பரவியபோது, ஒரே திரையை அருகருகே இருந்து பார்த்தவர்களுள் சிலர் அதனை நீலமும் கறுப்பும் என்றனர். வேறு சிலர் வெள்ளையும் பொன்னிறமும் என்றனர். ஆடை உண்மையில் நீலமும் கறுப்புமே. படம் எடுக்கப்பட்ட இடத்தின் ஒளி எத்தகையது என்பதை ஒவ்வொருவரின் மூளையும் வெவ்வேறாக ஊகித்ததே இதற்குக் காரணம் என ஆய்வாளர்கள் விளக்கினர்.

செவ்வாய்க் கோளின் வானம்

படத்தின் நிறத்தை நேரில் சென்று ஒப்பிட இயலாத இடத்தில் இச்சிக்கல் பெரிதாகின்றது. 1976 சூலை 20 அன்று நாசாவின் வைக்கிங் 1 விண்கலம் செவ்வாயில் தரையிறங்கியது. மறுநாள் எடுக்கப்பட்ட முதல் வண்ணப் படம் அவசரமாக வெளியிடப்பட்டபோது, அதில் வானம் புவியில் உள்ளது போன்று நீலச் சாயலுடன் இருந்தது. கலத்தில் பொருத்தப்பட்டிருந்த நிற அளவீட்டு அட்டைகளைக் கொண்டு எண்கள் திருத்தப்பட்ட பின்னரே, பகல் வானம் இளஞ்சிவப்புச் சாயல் உடையது என்பது தெரிந்தது. காற்றில் மிதக்கும் நுண்தூசியே அந்நிறத்துக்குக் காரணம். நீல வானம் என்பது உணரி கண்டது அன்று. எண்களை நிறமாக்கியோர் புவியின் வானத்தை மனத்தில் கொண்டு எதிர்பார்த்தது. 2004 இல் தரையிறங்கிய இசுபிரிட், ஆப்பர்ச்சுனிட்டி ஆகிய ஊர்திகளும் நிற அளவீட்டுத் தகடுகளைத் தாங்கிச் சென்றன.

வேறுபாட்டைக் குறைக்கும் முறைகள்

அளவுத்திருத்தம்: திரையின் மீது வைக்கப்படும் நிறமானி, அறிந்த எண்களுக்குத் திரை தரும் ஒளியை அளக்கின்றது. அதைக் கொண்டு அத்திரைக்குரிய விவரக்குறிப்பு உருவாக்கப்படுகின்றது. திரையின் இயல்பு மாறிக்கொண்டே இருப்பதால் இதனை அவ்வப்போது மீண்டும் செய்தல் வேண்டும்.

நிற அட்டை: 24 நிறக் கட்டங்கள் கொண்ட மக்பெத் அட்டை 1976 முதல் பயன்பாட்டில் உள்ளது. படம் எடுக்கும் இடத்தில் இவ்வட்டையையோ சாம்பல் நிற அட்டையையோ ஒருமுறை சேர்த்து எடுத்துவிட்டால், பின்னர் நிறத்தைத் திருத்த அது சான்றாக அமையும்.

நிறவெளித் தெரிவு: இணையத்தில் இடும் படங்களை எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி, விவரக்குறிப்பையும் உடன் சேர்த்தல் நலம். விவரக்குறிப்பைப் புறக்கணிக்கும் மென்பொருளிலும் அப்படங்கள் பெரிதும் பிறழ்வதில்லை.

சூழல்: திரையின் ஒளியை அறையின் ஒளிக்கு ஏற்ப மட்டுப்படுத்துவதும், இரவு நிலை போன்ற அமைப்புகளை நிறுத்துவதும் செலவில்லாத முறைகள் ஆகும்.

முக்கியத்துவமும் எல்லையும்

பொழுதுபோக்குக்காக எடுக்கும் படத்தில் சிறிய நிற வேறுபாடு பொருட்டு அன்று. ஆனால் நிறத்தைக் கொண்டே முடிவு எடுக்கும் துறைகளில் அது பிழைக்கு இடமாகும். பச்சிளங் குழந்தையின் மஞ்சள் காமாலையைத் தொலைபேசிப் படத்தால் மதிப்பிட முயலும் ஆய்வுகளில், குழந்தையின் தோலின் மீது நிற அட்டை வைத்துப் படம் எடுக்கப்படுவது உண்டு. தோலின் மஞ்சளையும் விளக்கின் மஞ்சளையும் பிரித்தறிய அவ்வட்டை துணை செய்கின்றது. சாயமேற்றிய திசுக்களைத் திரையில் பார்த்து நோய் அறிதல், ஓவியங்களை எண்ணிம வடிவில் ஆவணப்படுத்துதல், துணி வணிகம் ஆகியவற்றிலும் இதே தேவை உண்டு.

நிற மேலாண்மையால் எல்லா வேறுபாடுகளையும் நீக்கிவிட முடியாது. திரையின் நிற வீச்சுக்கு அப்பாற்பட்ட நிறத்தை எந்த மென்பொருளாலும் அத்திரையில் தோற்றுவிக்க இயலாது. மூன்று எண்களாகச் சுருக்கப்பட்ட பின்னர், பொருளில் இருந்து வந்த ஒளியின் முழு விவரத்தையும் மீட்கவும் இயலாது. வெவ்வேறு கருவிகள் ஓர் எண்ணுக்கு ஒரே பொருளைக் கொள்ளுமாறு செய்வதே இத்துறையின் பயன் ஆகும். ஒரு படம் தனித்து நின்று தன் நிறத்துக்குச் சான்றாக முடியாது; அதன் நிறவெளியும், அளவுத்திருத்தம் செய்யப்பட்ட திரையும், ஒப்பிடுவதற்கு ஓர் அட்டையும் உள்ளபோதே அது நம்பத்தக்கதாகின்றது.